பழைய ஸ்டீரியோ பெட்டியில் சிடி ஓடவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ரங்கூன் வீட்டில் ஒரு ஜப்பான் பெட்டி இருக்கிறது. ரேடியோ, கேசட், சிடி மூன்றும் சேர்ந்தது, மேல் மூடியைத் திறந்து சிடி வைக்கிற வகை, தூக்கிக்கொண்டு போகக் கைப்பிடியும் உண்டு. அப்பா பழைய சாமான் கடையில் வாங்கினார். வெள்ளிக்கிழமை காலையில் அதில் முருகன் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அம்மா விளக்கேற்றுவார். ஒருநாள் சிடியைப் படிக்காமல் நின்றுவிட்டது. கடையில் கொடுத்தோம், "லென்ஸ் போச்சு, இதுக்கெல்லாம் இனி சாமான் கிடைக்காது" என்று மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் வைத்துத் திறந்து பார்த்தால் லென்ஸுக்கு ஒன்றுமில்லை, மூடியின் அடியில் நெல்மணி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாக்கு முறிந்திருந்தது. அதிலிருந்து சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், ஊரிலிருந்து வருகிறவர்கள் என்று பலர் பெட்டியைக் கொண்டுவருகிறார்கள். அவர்கள் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"நோ டிஸ்க்" என்று காட்டுகிறது. லென்ஸ் போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. சிடி இருப்பதைப் பெட்டியால் தெரிந்துகொள்ள முடியவில்லை, அவ்வளவுதான் அர்த்தம். அதற்குக் காரணம் பல இருக்கலாம். மூடியை மூடியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பழுதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

மூடி ஒரு சின்ன சுவிட்சை அழுத்துகிறது. லென்ஸைத் தாங்கிய வண்டி சிடியின் நடுப்பக்கம், அதாவது மோட்டார் இருக்கிற பக்கமாக நகர்ந்து அங்கே இன்னொரு சுவிட்சைத் தொடுகிறது. பிறகு லேசர் எரிகிறது, லென்ஸ் இரண்டு மூன்று தடவை மேலும் கீழும் ஆடி, சிடியிலிருந்து வெளிச்சம் திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. வந்தால்தான் சிடி சுற்ற ஆரம்பிக்கும். சுற்றி வேகம் பிடித்த பிறகு, எத்தனை பாட்டு, எது எங்கே ஆரம்பிக்கிறது என்கிற பட்டியலைப் படிக்கும். அந்தப் பட்டியல் சிடியின் நடு ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிடி உள்ளேயிருந்து வெளியே படிக்கப்படுவது, கிராமபோன் தட்டுக்கு நேர் எதிர்.

இத்தனை படிகளில் எது நின்றாலும் திரையில் வருவது அதே "நோ டிஸ்க்"தான். அதனால் முதல் வேலை, காதை வைத்துக் கேட்பது. மூடியை மூடியதும் ஒரு சத்தமும் இல்லை என்றால் மூடி சுவிட்சையோ கரண்டையோ பாருங்கள். வண்டி நகர்கிற "ர்ர்" சத்தம் வந்து, "டிக் டிக்" என்று லென்ஸ் ஆடுவதும் கேட்டு, சிடி சுற்றவே இல்லையென்றால் லென்ஸ் அழுக்கு. அதைத் துடைத்தும் மாறவில்லை என்றால்தான் லேசரைச் சந்தேகப்பட வேண்டும். சிடி சுற்றியும் பட்டியல் வரவில்லை என்றால் மோட்டார், வண்டி ஓடுகிற கம்பியின் கிரீஸ், சிடி இந்த மூன்றில் ஒன்று.

மூடி சுவிட்சை எப்படிச் சோதிப்பது?

மூடியைத் திறந்து விளிம்பில் பாருங்கள், ஒரு சின்ன துளை இருக்கும். மூடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு அதற்குள் போய் சுவிட்சை அழுத்த வேண்டும். நாக்கு முறிந்திருந்தால் பெட்டிக்கு மூடி திறந்தே இருப்பதாகத்தான் தோன்றும். சில பெட்டிகள் "ஓப்பன்" என்று சொல்லிவிடும், பல ஒன்றும் சொல்லாது. எங்கள் பெட்டிக்கு நான் செய்தது, பழைய டூத் பிரஷ் காம்பிலிருந்து ஒரு துண்டு அறுத்து, அரத்தில் தேய்த்து, எபாக்சி பசையால் ஒட்டி ஒருநாள் இரவு முழுக்கக் காயவிட்டேன். இன்றுவரை நிற்கிறது. சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி லென்ஸ் மேல் வெள்ளையாகப் படிந்துவிடும்.

துளையில் தீக்குச்சியை விட்டு அழுத்திப் பார்க்கலாம்தான், ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்த சுவிட்ச் அங்கே இருப்பதே உங்கள் கண்ணுக்காக. சிடி லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர், அகச்சிவப்பு. கண்ணுக்கு மங்கலான ஒரு சிவப்புப் புள்ளியாக மட்டும் தெரியும், அதைப் பார்த்து "ரொம்ப மங்கலாக இருக்கிறதே" என்று குனிந்து உற்றுப் பார்த்துவிடக் கூடாது. விழித்திரையில் விழுகிற வெளிச்சம் நமக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு அதிகம். லென்ஸுக்கு நேர் மேலே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். லேசர் எரிகிறதா என்று பார்க்க போன் கேமராவைப் பிடியுங்கள், சில போன்களில் வெளுத்த ஊதாப் புள்ளியாகத் தெரியும். முன் கேமராவில் தெரிய வாய்ப்பு அதிகம். எந்த கேமராவிலும் தெரியவில்லை என்பதால் மட்டும் லேசர் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம், சில போன்கள் அகச்சிவப்பை முழுக்கத் தடுத்துவிடும்.

ரேடியோ நன்றாகப் பாடுகிறது, கேசட்டும் ஓடுகிறது. சிடி மட்டும் ஏன் ஓட மறுக்கிறது?

நம் ஊரில் இந்தக் கேள்விக்கு நான் முதலில் திருப்பிக் கேட்பது: வீட்டில் வோல்டேஜ் எவ்வளவு? 230 வர வேண்டிய இடத்தில் சாயங்காலம் எல்லாரும் சமைக்கிற நேரத்தில் 180க்குக் கீழே இறங்கிவிடுகிற தெருக்கள் இருக்கின்றன. ரேடியோவுக்குக் கொஞ்சம் கரண்ட் போதும், வோல்டேஜ் குறைந்தாலும் சத்தம் குறையுமே தவிர பாடும். சிடி அப்படியில்லை. மோட்டார் சுற்ற வேண்டும், வண்டி நகர வேண்டும், லேசர் எரிய வேண்டும், எல்லாம் ஒரே நேரத்தில். கொஞ்சம் குறைந்தாலும் பட்டியல் படிக்கிற இடத்திலேயே விழுந்துவிடும்.

சோதனை சுலபம். பெரிய பேட்டரி, அதாவது டி சைஸ், பெட்டி கேட்கிற எண்ணிக்கைக்குப் புதிதாக வாங்கிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். எட்டு பேட்டரி என்றால் 12 வோல்ட். பேட்டரியில் ஓடி, பிளக்கில் ஓடவில்லை என்றால் உங்கள் லென்ஸ் நல்ல லென்ஸ். ஸ்டெபிலைசர் இருக்கிற வீட்டில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். அங்கேயும் ஓடவில்லை என்றால் பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மருக்கு அடுத்து இருக்கிற பெரிய கெபாசிட்டர் காய்ந்துபோயிருக்கும். அதற்கு அடையாளம், ஸ்பீக்கரில் அடிநாதமாக ஒரு "ம்ம்ம்" வரும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓட்டும்போது மட்டும் அந்த "ம்ம்ம்" வந்தால் பெட்டியில் குறையில்லை. விலை குறைந்த இன்வெர்ட்டர் கொடுக்கிற கரண்ட்டின் அலை வழுவழுப்பாக இல்லாமல் படிப்படியாக இருக்கும், பழைய டிரான்ஸ்ஃபார்மருக்கு அது ஒத்துக்கொள்ளாது.

பேட்டரிப் பெட்டியில் பழைய பேட்டரி ஒழுகிக் கிடந்தால் சுரண்டுவதற்கு முன் அது என்ன பேட்டரி என்று பாருங்கள். ஆல்கலைன் என்றால் வினிகர் தொட்ட பஞ்சு, மலிவான கார்பன் பேட்டரி என்றால் சமையல் சோடாவைக் கரைத்துத் துடைக்க வேண்டும். ஒன்று காரம், மற்றது அமிலம்.

ஜப்பானிலிருந்து வந்த பெட்டி, நேராகப் பிளக்கில் சொருகிவிட்டோம். செத்தே போய்விட்டது. இனி ஆகாதா?

பின்பக்க ஸ்டிக்கரில் 100 வோல்ட் என்று போட்டிருக்கும். ஜப்பான் கரண்ட் 100, நம்முடையது 230. பெரும்பாலும் முதலில் போவது டிரான்ஸ்ஃபார்மரோ அதன் ஃபியூஸோதான், அதற்கு அடுத்ததெல்லாம் தப்பித்திருக்கும். பேட்டரி போட்டுப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் பல பெட்டிகள் பேட்டரி போட்டதும் பாட ஆரம்பித்தன, அதைப் பார்க்கும்போது வீட்டுக்காரர்கள் முகத்தில் வருகிற சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பேட்டரி எண்ணிக்கையை 1.5ஆல் பெருக்கினால் வருகிற வோல்டேஜுக்கு ஒரு நல்ல அடாப்டர் வாங்கி, பேட்டரி முனைகளுக்குக் கூட்டல் கழித்தல் மாறாமல் இணைத்தால் போதும். ஏற்கெனவே நல்ல நிலையில் இருக்கிற 100 வோல்ட் பெட்டி என்றால் 230ஐ 100 ஆக இறக்குகிற தனி டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். பெட்டி எத்தனை வாட் என்று பின்னால் எழுதியிருக்கும், அதற்கு இரண்டு மடங்கு தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பலர் இதையும் பழுது என்று நினைத்துக் கொண்டுவருகிறார்கள். பழைய ஜப்பான் பெட்டிகள் பலவற்றில் எஃப்எம் 76 முதல் 90 வரைதான். அதற்கு மேலே இருக்கிற நம் ஊர் ஸ்டேஷன்கள் அதில் வராது. அது பழுது இல்லை.

லென்ஸை எதனால் துடைப்பது?

99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், காது பஞ்சுக் குச்சி. வேறொன்றும் வேண்டாம். மருந்துக் கடையில் ஊசி போடும் முன் தடவுகிற ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், காய்ந்த பிறகு படலம் விடும். தின்னர், அசிட்டோன், நெயில் பாலிஷ் எடுக்கிற திரவம் எதுவும் கிட்டே வரக் கூடாது, லென்ஸ் பிளாஸ்டிக், ஒரே நொடியில் வெளுத்துவிடும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் தெறிக்கும்.

பிளக்கையும் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். பஞ்சை நனைத்து, ஒரு துளி கூடச் சொட்டாத அளவுக்குப் பிழிந்து, லென்ஸ் மேல் வைத்து மெதுவாக ஒரு வட்டம். அழுத்தவே கூடாது. லென்ஸ் முடி போன்ற மெல்லிய கம்பிகளிலோ ரப்பர் கீலிலோ தொங்குகிறது, அதனால்தான் தொட்டால் ஊஞ்சல் போல ஆடும். பிறகு காய்ந்த பஞ்சால் இன்னொரு வட்டம். நல்ல லென்ஸை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நீலமாகவோ ஊதாவாகவோ பளபளக்கும்.

போன வருடம் ஒரு அத்தை கொண்டுவந்த பெட்டி. சாமி மாடத்துக்குக் கீழேயே வைத்திருந்தார்களாம், பதினைந்து வருடம், தினமும் இரண்டு வேளை ஊதுவத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. வெள்ளைப் பஞ்சை ஒரு சுற்றுச் சுற்றியதும் டீ டிகாஷன் நிறத்தில் வந்தது, மூக்கருகே கொண்டுபோனால் சாம்பிராணி வாசம். மூன்று பஞ்சு மாற்றிய பிறகுதான் வெள்ளையாக வந்தது. சிடியை வைத்தேன், பட்டியல் வந்துவிட்டது. "அத்தை, சாமிக்குக் காட்டுகிற புகை அங்கேயே இருக்கட்டும், பெட்டியை மட்டும் நாலடி தள்ளி வையுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன்.

பிரஷ் ஒட்டிய கிளீனர் சிடி கடைகளில் கிடைக்கிறது. மேலோட்டமான தூசிக்கு அது போதும். புகைப்படலம் அதற்கு அசையாது.

முதல் நாலு பாட்டு நன்றாக ஓடுகிறது, பிறகு ஒரே இடத்தில் திக்கித் திக்கி நிற்கிறது.

இது பெரும்பாலும் கிரீஸ். லென்ஸ் வண்டி ஒரு பளபளப்பான இரும்புக் கம்பி மேல் ஓடுகிறது, அதை ஒரு சின்ன மோட்டார் பல்சக்கரம் வழியாக நகர்த்துகிறது. தொழிற்சாலையில் தடவிய கிரீஸ் இருபது இருபத்தைந்து வருடத்தில் காய்ந்த வெல்லப்பாகு மாதிரி ஆகிவிடும். வண்டி அதில் சிக்கி நிற்கும், மோட்டார் முறுக்கும், திடீரென்று விடுபட்டு இரண்டு பாட்டுத் தள்ளிக் குதிக்கும்.

பல்சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்றி வண்டியை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கொண்டுபோய்ப் பாருங்கள். எங்கே இறுகுகிறதோ அங்கேதான் பாட்டும் நிற்கும். பழைய கிரீஸை ஆல்கஹால் தொட்டு முழுக்க எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்குப் பொருந்துகிற வெள்ளை கிரீஸோ சிலிக்கான் கிரீஸோ அரிசி அளவு. தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் ஊற்றிக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒழுகி லென்ஸுக்கு வரும், தூசியைப் பிடித்து முன்னைவிட மோசமாகும். பல்சக்கரத்தில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், மோட்டார் தண்டில் இறுக்கி மாட்டிய சின்னச் சக்கரம் வயதானால் பிளந்துவிடும், ஒவ்வொரு சுற்றுக்கும் "டக்" என்று கேட்கும்.

எதிர் மாதிரியும் உண்டு. ஆரம்பத்தில் பட்டியல் படிக்கவே திணறி, ஒருமுறை பிடித்துவிட்டால் கடைசி வரை நன்றாக ஓடும். அப்படியென்றால் சிடியைச் சுற்றுகிற மோட்டாரைப் பாருங்கள். உள்பக்கம் படிக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 சுற்று வேண்டும், வெளி ஓரத்தில் 200 போதும். தேய்ந்த மோட்டாரால் அந்த 500ஐ எட்ட முடியாது.

ஏகப்பட்ட பாட்டு இருக்கிற சிடி வைத்தேன். நம்பர் ஓடுகிறது, சத்தமே வரவில்லை.

அது எம்பி3 சிடி. ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு என்று அட்டையில் போட்டு விற்றார்களே, அவைதான். பழைய பெட்டிக்கு ஆடியோ சிடி மட்டும்தான் தெரியும், எம்பி3 தெரியாது. வீட்டில் குவிந்து கிடக்கிற விசிடியும் அப்படித்தான். ஆடியோ சிடியில் 74 நிமிடம், மிஞ்சினால் 80 நிமிடம், பதினைந்து இருபது பாட்டு. கம்ப்யூட்டரில் எழுதுவதாக இருந்தால் "ஆடியோ சிடி" என்பதைத் தேர்ந்தெடுங்கள், குறைந்த வேகத்தில் எழுதுங்கள், ஒருமுறை மட்டும் எழுதுகிற சிடி-ஆர் வாங்குங்கள். அழித்து அழித்து எழுதுகிற சிடி-ஆர்டபிள்யூ வேண்டாம். அது வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பது சாதாரண சிடி கொடுப்பதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான், பழைய பெட்டிகள் பலவற்றுக்கு அது போதாது.

ஆனால் கடையில் வாங்கிய நல்ல ஆடியோ சிடியிலும் நம்பர் ஓடி, சத்தம் வரவில்லை என்றால் வேறு கதை. ரேடியோ, டேப், சிடி என்று மாற்றுகிற அந்த நீளமான தள்ளு சுவிட்ச் உள்ளே கறுத்துப்போயிருக்கும். காண்டாக்ட் கிளீனரை இரண்டு சொட்டு விட்டு முப்பது நாற்பது தடவை முன்னும் பின்னும் தள்ளுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு இது சர்வ சாதாரணம்.

சிடியில் கீறல். பல்பொடி, டூத் பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாமா?

பாட்டு ஓடுகிற பக்கம், அதாவது எழுத்து இல்லாத பக்கத்தில் மேலோட்டமான கீறல் என்றால் வெள்ளை டூத் பேஸ்ட் உதவும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் தேய்க்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. குறுக்கே போகிற கீறலில் கொஞ்சம் தகவல்தான் விட்டுப்போகும், அதை நிரப்பிக்கொள்ளப் பெட்டிக்கே கணக்குத் தெரியும். தடத்தோடு சேர்ந்து வட்டமாகப் போகிற கீறல் ஒரே இடத்தில் நிறைய அழித்துவிடும். பல்பொடி சொரசொரப்பு, அது வேண்டாம்.

எழுத்து இருக்கிற பக்கம்தான் பாதுகாக்க வேண்டிய பக்கம், பலருக்கு இது தெரியாது. அலுமினியப் படலம் அந்த எழுத்துக்கு அடியில் ஒரு மெல்லிய வார்னிஷுக்குள் இருக்கிறது. அங்கே கீறினால் திரும்ப வராது. விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஊசித் துளை போல வெளிச்சம் தெரிந்தால் அந்த இடம் போய்விட்டது. பூஞ்சையும் அதைத் தின்னும். 2001இல் மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டுச் சிடி ஒன்றில் பூஞ்சை உள்ளே போய் அலுமினியத்தையும் பிளாஸ்டிக்கையும் அரித்ததை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதுவும் நம்மைப் போல வெப்பமும் ஈரமும் உள்ள நாடுதான். தனகா என்கிற மரப்பட்டைச் சாந்து பூசிய கையோடு சிடியை எடுக்கிற பழக்கம் இருந்தால் அந்தப் பொடியையும் நல்ல தண்ணீரில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்.

லேசர் பக்கத்தில் ஒரு குட்டித் திருகு இருக்கிறது, அதைத் திருப்பினால் சரியாகிவிடும் என்று தம்பி சொல்கிறான்.

தம்பியைத் தொட விடாதீர்கள். அது லேசருக்குப் போகிற கரண்ட்டை வைக்கிற இடம். கூட்டினால் ஓய்ந்த லேசர் சில வாரம் படிக்கும், பிறகு ஒரேயடியாகப் போகும். லென்ஸில் வெறும் அழுக்கு இருந்த பெட்டிகளில் இதைத் திருகி நல்ல லேசரையே எரித்துவிட்டவர்கள் உண்டு. துடைத்து, கிரீஸ் மாற்றி, கரண்ட் பார்த்து, எல்லாம் செய்தும் படிக்கவில்லை, புது லேசர் வாங்கியாயிற்று என்ற பிறகு பழையதில் திருகிப் பாருங்கள்.

புது லேசர் கிடைக்குமா?

பல பெட்டிகளுக்குக் கிடைக்கும். லேசர் யூனிட்டின் பக்கவாட்டிலோ அடியிலோ நம்பர் இருக்கும். சோனியின் கேஎஸ்எஸ்-213, சான்யோவின் எஸ்எஃப்-பி101என், இந்த இரண்டு குடும்பமும் எத்தனையோ கம்பெனிப் பெட்டிகளில் உட்கார்ந்திருக்கின்றன. நம்பரின் கடைசி எழுத்தும், நாடா கேபிளில் எத்தனை பின்கள் என்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். மோட்டாரோடு சேர்த்து முழு மெக்கானிசமாக வருவதும் உண்டு, தேய்ந்த மோட்டாரும் சேர்ந்து மாறிவிடும் என்பதால் நான் அதைத்தான் சொல்வேன்.

புது லேசரின் போர்டில் இரண்டு புள்ளிகளை ஒரு சொட்டு ஈயம் சேர்த்திருக்கும். உடம்பிலிருந்து வருகிற நிலை மின்சாரம் லேசரைக் கொல்லாமல் இருக்க அப்படி அனுப்புகிறார்கள். நாடா கேபிளை மாட்டிய பிறகு அந்த ஈயத்தை எடுக்க வேண்டும். எடுக்க மறந்தால் லேசர் எரியாது, "புதுசும் கெட்டது" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவீர்கள். மாட்டுவதற்கு முன்பே எடுத்துவிட்டால் நிஜமாகவே கெட்டுப்போகலாம்.

அண்ணே, மழைக்காலத்தில் பெட்டியை எப்படி வைத்திருப்பது?

மே தொடங்கி அக்டோபர் வரை பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாது. பருத்தித் துணி போர்த்துங்கள். வாரத்தில் இரண்டு தடவை அரைமணி நேரம் ஓட்டினால் உள்ளே வருகிற சூட்டிலேயே காய்ந்துகொள்ளும். ஓட்டாமல் வைக்கிற நாட்களில் பேட்டரியை எடுத்துவிடுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தால் ஒரு மணி நேரம் சும்மா வைத்துவிட்டுப் பிறகு போடுங்கள், லென்ஸ் மேல் பனி படிந்திருக்கும். பின்பக்கக் காற்றுத் துளைகளில் பழைய கொசுவலைத் துணியை உள்ளிருந்து ஒட்டிவிட்டால் பல்லியும் எறும்பும் போகாது. எறும்பு முட்டை வைத்த பெட்டியை ஒருதடவை சுத்தம் செய்து பாருங்கள், அடுத்த பெட்டிக்கு வலை ஒட்ட மறக்க மாட்டீர்கள்.